கைக்குட்டையைத் தூக்கி விற்ற வீடு

பலாட், இஸ்தான்புல்
செப்டம்பர் 2, 1934

என் கண்ணான மகன் விட்டாலிக்கு, உன் அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை ஜோயா எழுதும் கடிதம். இங்கே நானும் உன் அப்பாவும் ஜோயாவும் ஒரே அறையில், ஒரே ஜன்னலுக்குக் கீழே, மூன்று பேர் மூச்சையும் ஒருவருக்கொருவர் கடன் கொடுத்துக்கொண்டு சுகமாக இருக்கிறோம், அந்த ஹவானா வெயிலில் தோளில் டைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு வீடு வீடாக அலையும் நீயும் சுகம் என்று உன் கையெழுத்தைப் பார்த்தால்தான் எனக்கு ஒரு வாய் உள்ளே இறங்கும். (ஜோயா: அண்ணா, அம்மா சொல்வதை ஒரு சொல் விடாமல் எழுத வேண்டும் என்பது உத்தரவு. அடைப்புக்குள் இருப்பதெல்லாம் என் சொந்தச் சரக்கு. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, அதனால் நீ மாட்டிவிட்டால் ஒழிய நான் மாட்ட மாட்டேன்.)

முதலில் தலைபோகிற விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் பிறகு. நம் ஊரிலிருந்து, கிர்க்லரெலியிலிருந்து, உனக்கு ஒரு உறை வரும். உள்ளே பக்கத்து வீட்டு ஜெமால் எழுதிய கடிதமும், முத்திரை குத்திய ஒரு காகிதமும் இருக்கும். வீட்டைப் பாதுகாக்கத்தான், உன் நன்மைக்குத்தான், இரண்டு வரியில் ஒரு கையெழுத்து, அதைத் தூதரகத்துக்குப் போய்ப் போட்டு அனுப்பு என்று தேன் தடவி எழுதியிருப்பார்கள். போடாதே. உன் தாத்தா அந்த வீட்டை மூத்த பேரன் என்று உன் பேரில் எழுதிவைத்தார், அதனால்தான் சுவரும் கூரையும் இன்றுவரை அவர்கள் கைக்குப் போகாமல் நிற்கிறது. உள்ளே இருந்தது அத்தனையும் போய்விட்டது. கொள்ளை போகவில்லை மகனே, கொள்ளை போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஜூலையில் நான் உனக்கு எழுதியது நாலே வரி, ஊரில் கலாட்டா, இஸ்தான்புல் வந்துவிட்டோம், கவலைப்படாதே என்று. உன் அப்பாதான் அதற்கு மேல் எழுத வேண்டாம் என்றார். இப்போது அவர் வேலைக்குப் போயிருக்கிறார், இங்கே ஒரு பாலாடைக்கட்டிக் கடையில் அடுத்தவனுடைய கட்டிகளைக் கழுவிக் கொடுக்கும் வேலை, அவர் வருவதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

வசந்த காலத்திலேயே காற்று மாறிவிட்டது. பத்திரிகைகளில் யூதன் என்று நம்மைக் கொக்கி மூக்கு வைத்துப் படம் போட்டார்கள், அதைக் காப்பிக்கடையில் சுவரில் ஒட்டினார்கள், ஒட்டியவன் நம் கடையில் பத்து வருடம் பாலாடைக்கட்டி வாங்கியவன். (ஜோயா: படத்தைப் போய்ப் பார்த்தேன். அப்பா மூக்கை விட அந்தக் காப்பிக்கடைக்காரர் மூக்குதான் அதற்குப் பொருத்தம். சொன்னேன். துரத்தினார்.) ஜூன் மாதம் கதவுக்கு அடியில் சீட்டு வந்தது, ஊரை விட்டுப் போங்கள், போகாவிட்டால் போகவைப்போம் என்று. உன் அப்பா அதை எடுத்துக்கொண்டு போலீசுக்குப் போனார். அங்கே இருந்தவர் படித்துப் பார்த்துவிட்டு, எழுத்துப் பிழை இல்லாம நல்லாத்தானே எழுதியிருக்கான், உங்களுக்கு என்ன குறைன்னு கேட்டாராம். அதற்கப்புறம் கிராமத்துக்காரர்கள் பால் கொண்டுவருவதை நிறுத்தினார்கள். ஒரே ஒரு கிழவன் மட்டும் பின்வாசலில் வந்து, உங்களுக்குப் பால் கொடுக்கக் கூடாதுன்னு மேலிடத்துலேருந்து சொல்லியிருக்காங்கம்மா, பானையைத் திருப்பிக் குடுத்துருங்கன்னு அழாக்குறையாகச் சொல்லிவிட்டுப் போனான். மேலிடம் என்றால் எந்த மேல் என்று நான் கேட்டேன், அவன் கூரையைப் பார்த்தான்.

அப்போதும் நமக்கு ராயிஃப் அண்ணன் இருந்தார். இனிமேல் அண்ணன் என்று எழுதாதே என்று இவளிடம் சொல்கிறேன், இருபது வருடம் பழகிய வாய் கேட்க மாட்டேன் என்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் அவன் குதிரைச் சேணம் தைப்பான், இந்தப் பக்கம் உன் அப்பா பாலைக் காய்ச்சுவார், நடுவில் சுவர் இருப்பதே மழை நாளில்தான் ஞாபகம் வரும். பெசாஹ் பண்டிகை உனக்கு மறந்திருக்காது. வீட்டில் புளித்த மாவு ஒரு பொட்டுகூட இருக்கக் கூடாது என்று மாவு மூட்டை, ரொட்டி, மிச்சச் சாராயம் எல்லாவற்றையும் பண்டிகைக்கு முந்தின நாள் அவனுக்குத்தானே விற்போம். உன் அப்பா பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போடுவார், ராயிஃப் தன் கைக்குட்டையை நீட்டுவான், அப்பா அதைப் பிடித்து மேலே தூக்குவார், தூக்கியதும் விற்றது விற்றதுதான், சாவியும் அவன் கையில். எட்டு நாள் கழித்து அவன் மீசையைத் தடவிக்கொண்டு வருவான், இந்த வருஷம் திருப்பித் தர்றதா இல்ல யோம்தோவ் அண்ணே, உங்க மாவுல நான் கல்யாணம் பண்ணப் போறேன்னு சொல்வான், எல்லாரும் சிரிப்போம், பத்திரத்தைக் கிழிப்போம், அவன் நம் மேஜையில் உட்கார்ந்து முதல் ரொட்டியைப் பிய்ப்பான். இருபது வருடமும் இதே வேடிக்கை, இருபது வருடமும் இதே சிரிப்பு.

ஜூலை மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை காலையில், இன்று சாயங்காலம் வருகிறார்கள் என்று ஊரே பேசியது. உன் அப்பாவுக்கு ஒரு யோசனை வந்தது. ஊரெல்லாம் யூதன் வீடு யூதன் சரக்கு என்றுதானே தேடுகிறார்கள், யூதன் சரக்காக இல்லாவிட்டால்? பெசாஹுக்கு எழுதுகிற அதே பத்திரத்தை எடுத்தார், மாவு மூட்டை என்று எழுதுகிற இடத்தில் வீட்டிலும் கடையிலும் நிலவறையிலும் உள்ள சகலமும் என்று எழுதினார், ராயிஃபைக் கூப்பிட்டார். அவன் அதை இரண்டு முறை படித்தான். அப்புறம், நான் இருக்கேன் அண்ணே, வாசல்ல என் நாற்காலியைப் போட்டு உட்காருறேன், எவன் வரான்னு பார்க்கலாம்னு சொன்னான். கைக்குட்டையை நீட்டினான். உன் அப்பா தூக்கினார். அன்று அந்தக் கைக்குட்டை அவசரத்தில் உன் அப்பாவின் பையிலேயே தங்கிவிட்டது. (ஜோயா: அப்பா கைக்குட்டையைத் தூக்கினார், ராயிஃப் வீட்டையே தூக்கினார். இதை நான் அப்பா முன்னால் ஒரு முறை சொல்லிவிட்டேன். அவர் அடிக்கவில்லை. அடித்திருக்கலாம்.)

சாயங்காலம் வந்தார்கள். நாங்கள் மூன்று பேரும் நிலவறையில், பாலாடைக்கட்டி அடுக்குகளுக்கு நடுவில், தரையோடு தரையாக இருக்கிற அந்தச் சின்ன ஜன்னலில் கண்ணை வைத்துக்கொண்டு. பக்கத்தில் தெரிந்ததெல்லாம் கால்களும் சக்கரங்களும்தான். கிராமத்திலிருந்து மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள் மகனே, காலி வண்டிகள். சண்டைக்கு வருகிறவன் காலி வண்டி ஓட்டிக்கொண்டு வருவானா? ஏற்றிக்கொண்டு போகத்தான் வந்தார்கள், வரச் சொல்லித்தான் வந்தார்கள். தெருமுனையில் இரண்டு போலீஸ்காரர்கள் நின்று சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தார்கள், தோல் மட்டும் துப்பித் துப்பிக் குவிந்தது. (ஜோயா: காவல் காத்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். விதை ஒன்றுகூடக் களவு போகவில்லை.) எதிர்வீட்டு எஸ்த்ரேயா அத்தையின் மெத்தைகளை மேலிருந்து கிழித்துக் கொட்டினார்கள், ஜூலை மாதத்தில் தெருவில் பனி விழுந்த மாதிரி இறகு. அவள் விரலிலிருந்து கல்யாண மோதிரம் கழலவில்லை. நம் தெருப் பையன் ஒருவன், அவளிடம் எள்ளுருண்டை வாங்கித் தின்று வளர்ந்தவன், அத்தே கத்தாதீங்க, வலிக்காமக் கழட்டுறேன்னு சொல்லி அவள் சமையலறைக்கே போய் சோப்பை எடுத்துக்கொண்டு வந்தான். சோப்பு எங்கே இருக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. எனக்கு அதுதான் இன்னமும் ஆறவில்லை.

நம் வாசலுக்கும் வந்தார்கள். ராயிஃப் சொன்ன சொல் தவறவில்லை. எழுந்து நின்று, இது என் வீடு, என் சரக்கு, இதோ பத்திரம், படிக்கத் தெரிஞ்சவன் முன்னால வாங்கடான்னு கத்தினான். ஒருத்தனும் வரவில்லை. வண்டிகள் அடுத்த வீட்டுக்கு நகர்ந்தன. நான் இருட்டில் உட்கார்ந்து அவன் குலம் தழைக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன், உன் அப்பா வாய்விட்டு அழுதார். அந்தத் தெருவில் நம் ஆட்களுக்குப் பதினொரு வீடு, கண்ணாடி உடையாத வீடு நம்முடையது ஒன்றுதான். மறுநாள் ராயிஃபே தன் வண்டியில் எங்களை ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து விட்டான், போங்க அண்ணே, கொஞ்ச நாள் கண்ணுல படாம இருங்க, ஒரு துரும்பு அசையாம நான் பார்த்துக்கறேன் என்றான். ரயிலில் எல்லாரும் அழுதுகொண்டு வந்தார்கள், எனக்கு வெட்கமாக இருந்தது, நமக்கு மட்டும் எல்லாம் இருக்கிறதே என்று. எஸ்த்ரேயா அத்தை வெறும் விரலைத் தலைத்துணியின் நுனியில் சுற்றிக்கொண்டு என் எதிரில் உட்கார்ந்திருந்தாள், அவளிடம் என் வீட்டைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை, கண் பட்டுவிடும் என்று.

அப்புறம் அங்காராவில் பெரியவர்கள் நடந்தது தப்பு என்று பேசினார்களாம், கொள்ளை போனதைத் தேடிக் கொடுக்க வேண்டும், போனவர்கள் திரும்பலாம் என்று உத்தரவு வந்ததாம். ஜூலை முடிவதற்குள் உன் அப்பா இவளையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போனார். நான் போகவில்லை, இவள் பார்த்ததைத்தான் சொல்கிறேன். கதவைத் திறந்தது ராயிஃப். காலில் உன் அப்பாவின் வீட்டுச் செருப்பு. உன் அப்பா, வந்துட்டோம்டா, எட்டு நாளுக்குப் பதிலா இருபது நாள் ஆயிடுச்சுன்னு சொன்னார். ராயிஃப், வித்தாச்சே அண்ணே என்றான். உன் அப்பா சிரித்தார். இருபது வருடப் பழக்கம், அது வேடிக்கை என்றே நினைத்துவிட்டார். சிரித்துக்கொண்டே பையிலிருந்து அந்தக் கைக்குட்டையை எடுத்து அவனுக்கு முன்னால் நீட்டினார், துவைத்து மடித்து வைத்திருந்தது. அவன் தொடவில்லை. உன் அப்பா நீட்டிய கையை மடக்கவில்லை. எவ்வளவு நேரம் நின்றார் என்று இவளைக் கேட்டால் சொல்ல மாட்டேன் என்கிறாள். (ஜோயா: எதிர்வீட்டுத் தோட்டத்தில் ஒரு ஆடு ஒரு பூசணிக் கொடியை முழுசாகத் தின்று முடிக்கும் வரை. நான் ஆட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.)

போலீசுக்குப் போனார்கள். அங்கே இருந்தவர் மரியாதையாகவே நாற்காலி கொடுத்தாராம். ராயிஃப் காட்டிய பத்திரத்தைப் படித்தார், இது உங்க கையெழுத்துதானே, யாராவது கழுத்துல கத்தி வெச்சாங்களா என்று கேட்டார். உன் அப்பாவுக்குப் பொய் வராதே, இல்லீங்க, நானேதான் எழுதினேன் என்றார். அப்ப என்னங்க, கொள்ளை போனதைத்தான் திருப்பிக் குடுக்கச் சொல்லி உத்தரவு, வித்ததைத் திருப்பிக் குடுக்கச் சொல்லி எங்கே உத்தரவு, வீடு மகன் பேர்லன்னா மகன் வந்து கேக்கட்டும்னு சொல்லி அனுப்பிவிட்டார். எஸ்த்ரேயா அத்தைக்கு இரண்டு பாயும் ஒரு தாமிரப் பாத்திரமும் கிடைத்தன. நமக்கு ஒரு கரண்டி இல்லை. நம் வீட்டைத்தான் யாருமே கொள்ளையடிக்கவில்லையே. (ஜோயா: பத்திரம் மட்டும் பத்திரமாக இருக்கிறது.)

இவள் அங்கே செய்த கூத்தையும் சொல்லிவிடுகிறேன், நீயே கண்டித்து எழுது. ராயிஃப் பெண்டாட்டி நாஜியே இவளைத் தனியாக இழுத்து, ஜோயா கண்ணு, கீழ அடுக்கி வெச்சிருக்கே அந்தக் கட்டியெல்லாம், அதை என்னடி பண்ணணும்னு கேட்டாளாம். வாரம் தவறாமல் புரட்டிப் போட்டு உப்புத் தேய்க்க வேண்டும் என்று இவளுக்கா தெரியாது, நடக்கக் கற்றதே அந்த நிலவறையில். இவள் முகத்தை வைத்துக்கொண்டு, ஐயோ அத்தை, கை மட்டும் வெச்சுராதீங்க, ஈரத்துணியைப் போட்டு மூடிக் கதவைச் சாத்திருங்க, தானாப் பழுக்கும்னு சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். நாற்பது கட்டி, உன் அப்பாவின் ஒரு வருட உழைப்பு, புழு வைத்திருக்கும். பாவம் என்று திட்டினேன். திட்டிவிட்டுப் போர்வைக்குள் தலையை விட்டுச் சிரித்தேன், ஜூலைக்கு அப்புறம் அன்றைக்குத்தான்.

இனி ஜெமால். நாஜியேக்குக் காய்ச்சல் வந்து பால் வற்றியபோது அவன் நாற்பது நாள் பிள்ளை, உனக்கு மூன்று மாதம். ஒரு பக்கம் நீ, ஒரு பக்கம் அவன். ராயிஃப் அன்று வாசலில் நின்று, என் பிள்ளைக்கு இனி ரெண்டு அம்மா என்று சொன்னான், அவர்கள் வழக்கப்படி நீங்கள் பால் உடன்பிறப்பு, உனக்கும் அவனுக்கும் ரத்தத்தில் வித்தியாசம் இல்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் அந்த ஜெமால் இங்கே வந்தான். எப்படி விசாரித்துக் கண்டுபிடித்தானோ, நாலு மாடி ஏறி வந்து, வாசல்படியிலேயே மண்டிபோட்டு என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். உன் அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். நான் போகச் சொல்லவில்லை. பாலாடைக்கட்டி அடைத்த அப்பம் சுட்டிருந்தேன், ஐந்து தின்றான், தின்றுகொண்டே அழுதான். எங்கப்பா பண்ணது தப்பும்மா, அந்த வீட்டுல எனக்குத் தூக்கம் வரல, விட்டாலி முகத்துல எப்படி முழிப்பேன், அவனுக்கு நான் எழுதணும், விலாசம் குடுங்கம்மா என்றான். என்னை அம்மா என்றான் மகனே. நான் இவளைக் கூப்பிட்டு, உன் அண்ணன் விலாசத்தை எழுதிக் கொடுடி என்றேன். எழுதிக் கொடுத்தாள். அவன் அதை மடித்துச் சட்டைக்குள் நெஞ்சோடு வைத்துக்கொண்டு போனான்.

போன வாரம் எஸ்த்ரேயா அத்தை வந்தாள், அவள் மச்சினன் இன்னும் ஊரில் இருக்கிறானே, அவன் சொன்னதாம். நம் வீட்டுக்கு உன் கையெழுத்து வேண்டும் என்று ராயிஃப் காகிதம் தயார் செய்து வைத்திருக்கிறானாம், ஹவானாவுக்கு விலாசம் கிடைச்சுருச்சு, என் பையன் வாங்கிட்டு வந்துட்டான், அவன் எழுதினா விட்டாலி மறுக்க மாட்டான்னு கடைத்தெருவில் சொல்லிக்கொண்டு திரிகிறானாம். அறுவடை முடிந்ததும் ஜெமாலுக்குக் கல்யாணமாம், நம் வீட்டில், நம் மாடி அறையில். நான் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். உன் அப்பா ராயிஃபை நம்பியதற்கு நான் அவரை எத்தனை நாள் குத்திக் காட்டியிருப்பேன், நீங்களும் உங்க கைக்குட்டையும் என்று. எல்லாம் தெரிந்த பிறகு, பட்ட பிறகு, அதே வீட்டுப் பிள்ளைக்கு அப்பம் போட்டு உன் விலாசத்தைக் கையில் கொடுத்தேனே, என்னை எந்தக் கணக்கில் சேர்க்க? அவர் இன்றுவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் அழுதது பொய்யாக இருந்தால் எனக்குக் கோபமாவது வரும். அது பொய் அழுகை இல்லை விட்டாலி. பெற்றவளுக்குத் தெரியாமல் போகலாம், பால் கொடுத்தவளுக்குத் தெரியும். நிஜமாக அழுதுவிட்டு நிஜமாகவே வாங்கிக்கொண்டு போனான்.

(ஜோயா: அம்மா கொடிக்கு ஓடியிருக்கிறாள், மேல்மாடிக்காரி நம் துணியின் மேல் தண்ணீர் ஊற்றுகிறாள். வேகமாக எழுதுகிறேன். அண்ணா, உனக்கு எந்த உறையும் வராது. அன்று நான் ஜெமாலிடம் கொடுத்தது உன் விலாசம் இல்லை. எலுமிச்சைத் தெரு, ஏழாம் எண் என்று எழுதினேன். ஹவானாவில் அப்படி ஒரு தெரு இருக்கிறதா என்றுகூட எனக்குத் தெரியாது. அவர்கள் காகிதம் தயார் செய்வதெல்லாம் அன்றைக்கு எனக்குத் தெரியாது, நான் புத்திசாலி என்று நினைத்துவிடாதே. அவன் அழுதான், எனக்கும் அழுகை வந்தது, இரண்டு விரலை வாயில் வைத்து விசில் அடிக்க எனக்குக் கற்றுக்கொடுத்தவன் அவன்தானே, அழுதுகொண்டேதான் எழுதினேன், கை தானாகத் தப்பை எழுதியது. நாஜியே அத்தையை ஏமாற்றியபோது ஒரு வாரம் சிரித்தேன். இதில் ஒரு நாள்கூடச் சிரிப்பு வரவில்லை. அவன் அப்பாவுக்காக வாங்கினானா, நிஜமாகவே உன்னிடம் மன்னிப்புக் கேட்க வாங்கி அப்புறம் அவன் அப்பா பிடுங்கிக்கொண்டாரா, இனி யாருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியை நான் அடைத்துவிட்டேன். எங்கள் மேஜையில் உட்கார்ந்து அழுகிறவனுக்கு ஒரு சரியான விலாசம் கொடுக்க என் கைக்கு வரவில்லை அண்ணா, பதினைந்து வயதில் என்னை இப்படி ஆக்கிவிட்டார்கள். அம்மாவிடம் சொன்னால் நிம்மதியாகத் தூங்குவாள் என்று தினமும் நினைக்கிறேன். சொன்னால் தபாலுக்குக் காத்திருக்க மாட்டாள் என்றும் நினைக்கிறேன். எது நல்லது என்று நீ சொல். உன் கடிதத்தை அம்மாவுக்கு நான்தான் படித்துக் காட்டுவேன், அதனால் பயப்படாமல் எழுது. வருகிறாள்.)

எங்கே விட்டேன்? சரி. அடுத்த வாரம் நம் வருடப் பிறப்பு. மாதுளை வாங்க முடியுமா பார்க்கிறேன், இல்லாவிட்டால் ஆப்பிளைத் தேனில் தொட்டு உன் பங்கையும் இவளே தின்றுவிடுவாள். நீ அங்கே நம் ஆட்கள் யாராவது இருந்தால் அவர்கள் மேஜையில் போய் உட்கார், பண்டிகையன்று தனியாகச் சாப்பிடாதே. தொப்பி இல்லாமல் வெயிலில் அலையாதே. டை வாங்காதவனிடம் சண்டை போடாதே, நாளைக்கு வாங்குவான். உன் அப்பாவுக்குத் தனியாக இரண்டு வரி எழுது, வீட்டைப் பற்றி எழுதாதே, அங்கே பாலாடைக்கட்டி எப்படி இருக்கிறது, உப்பு அதிகமா குறைவா என்று கேட்டு எழுது, பதில் சொல்லவாவது வாயைத் திறப்பார். நீ நூறு வருடம் வாழ வேண்டும், நீ கால் வைக்கும் மண் உன்னைத் தள்ளாமல் இருக்க வேண்டும், உன் பிள்ளைகள் ஒளிந்து நின்று ஜன்னலில் தெருவைப் பார்க்காமல் கதவைத் திறந்து பார்க்க வேண்டும், ஆண்டவன் உன் பேரை நல்லவர்கள் ஏட்டில் எழுதட்டும்.

கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. உறை வந்தால் காகிதத்தில் கையெழுத்துப் போடாதே, கிழித்துப் போடு. ஆனால் ஜெமால் தன் கையால் எழுதிய கடிதத்தை மட்டும் கிழிக்காதே, அதை அப்படியே எனக்கு அனுப்பு. நல்லதோ கெட்டதோ, அந்தப் பிள்ளை என்ன எழுதியிருக்கிறான் என்று எனக்குத் தெரிய வேண்டும். வெளிநாட்டுத் தபால் இங்கே வியாழக்கிழமை வருகிறது. வியாழக்கிழமைகளில் நான் கீழ்ப்படியில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

உன் அம்மா,
லூனா

எழுதியவள்: ஜோயா